கேட்பதும் விடை கூறுவதும்: மருத்துவப் பணியாளர் வலையமைப்புகள் நிலைத்து வளர்வது எவ்வாறு?

பெருந்தொற்றுக் காலத்தில், மருத்துவர்களும் செவிலியர்களும் தத்தம் பணியிடங்களில் இருந்தவாறே காணொலி வழியாகக் கூடிக் கற்கும் வழக்கம் உலகெங்கும் விரைந்து பரவியது. ஆக்சிஜன் பயன்பாடு, தீவிர சிகிச்சை, தொற்றுத் தடுப்பு ஆகியவற்றில் நாள்தோறும் மாறிய நெறிமுறைகளை அறிந்துகொள்ள அன்று வேறு வழிகள் குறைவாகவே இருந்தன. நெருக்கடி தணிந்த பின்னர் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அவசரத்தில் உருவான இக்கூட்டமைப்புகள், அவசரம் இல்லாத காலத்திலும் நிலைத்திருக்குமா?

நிதியும் தொழில்நுட்பமும் நல்ல பேச்சாளர்களும் இதற்குத் தேவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், பணிச்சுமை மிகுந்த ஒரு மருத்துவ அலுவலர் அடுத்த வாரமும் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி வந்து அமர்வதற்கான காரணம் இவற்றில் இல்லை. சென்ற வாரம் கேட்டது தம் நோயாளிக்குப் பயன்பட்டதா என்பதில்தான் அது உள்ளது. அதனை அறிய வேண்டுமெனில் உறுப்பினரையே கேட்க வேண்டும். கேட்ட பின்னர் அவருக்கு விடை கூறவும் வேண்டும். இவ்விரண்டில் முதலாவது பல இடங்களில் நடைபெறுகிறது. இரண்டாவது அரிதாகவே நடைபெறுகிறது. வலையமைப்புகள் தளர்வதற்கு இந்த இடைவெளி ஒரு முதன்மையான காரணம் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

நீங்கள் ஒரு வலையமைப்பின் உறுப்பினராக இருக்கலாம். அதனை நடத்தும் பொறுப்பில் இருக்கலாம். அத்தகைய மருத்துவரிடம் சிகிச்சை பெறும் பொதுமக்களுள் ஒருவராகவும் இருக்கலாம். எந்நிலையில் இருப்பினும் இச்செய்தி உங்களுக்கு உரியதே.

வலையமைப்பு என்பது யாது?

ஒரே துறையில் அல்லது ஒரே நோய் குறித்துப் பணிபுரிவோர், தம் நிறுவன எல்லைகளைக் கடந்து, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பதற்காகத் தொடர்ந்து கூடும் அமைப்பே தொழில்முறை வலையமைப்பு ஆகும். ஒரு நாள் பயிற்சி முகாமுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. பயிற்சி முகாமில் ஒருவர் கூறுகிறார், மற்றவர் கேட்கிறார். முகாம் முடிந்ததும் உறவும் முடிகிறது. வலையமைப்பில் இன்று கேட்பவர் நாளை தம் நோயாளியின் நிலையை முன்வைத்துப் பேசுகிறார். அதனைக் கேட்கும் இன்னொருவர் தம் அனுபவத்தைக் கூறுகிறார்.

ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1991ஆம் ஆண்டில் இத்தகைய கூட்டங்களைச் செயல்வழிக் கற்றல் சமூகங்களாக விளக்கினர். தையற்காரர் முதல் பேறுபார்க்கும் மருத்துவச்சிகள் வரை பல தொழிலினரை ஆராய்ந்த அவர்கள், புதியவர் ஓரத்தில் நின்று பார்ப்பதில் தொடங்கிப் படிப்படியாக நடுவிடத்துக்கு வருவதே கற்றல் என்றனர். இக்கருத்து இங்கு முக்கியமானது. ஓரத்தில் நிற்பவரின் குரலைக் கேளாத வலையமைப்பில், அவர் ஓரத்திலேயே நின்றுவிடுகிறார். பின்னர் விலகியும் விடுகிறார்.

நியூ மெக்சிகோ கற்பிக்கும் பாடம்

இத்தகைய வலையமைப்புகளில் பெரிதும் ஆராயப்பட்ட ஒன்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் 2003ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘எக்கோ’ திட்டமாகும். அதனைத் தொடங்கியவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் சஞ்சீவ் அரோரா. பரப்பில் பெரியதும் மக்கள் தொகையில் சிறியதுமான அம்மாநிலத்தில் ஹெபடைடிஸ் சி தொற்றுடன் ஏறத்தாழ 30,000 பேர் வாழ்வதாக அப்போது மதிப்பிடப்பட்டது. அவர்களுள் சிகிச்சை பெற்றவர் மிகச் சிலரே. அரோராவின் மருத்துவமனையில் ஒரு நோயாளி இடம் பெற எட்டு மாதங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்நாளைய மருந்துகளுக்குக் கடும் பக்கவிளைவுகள் இருந்ததால், சிகிச்சைக் காலத்தில் பல முறை நெடுந்தொலைவு பயணம் செய்ய வேண்டியும் இருந்தது.

நோயாளியை நகரத்துக்கு வரவழைப்பதற்கு மாறாக, சிகிச்சை அறிவைக் கிராமத்துக்கு அனுப்புவது எனத் திட்டம் வகுக்கப்பட்டது. வாரந்தோறும் குறிப்பிட்ட நேரத்தில் பல்கலைக்கழகச் சிறப்பு மருத்துவர்களும் ஊரகப் பகுதிகள், சிறைச்சாலைகள் ஆகியவற்றின் மருத்துவப் பணியாளர்களும் காணொலியில் கூடினர். பணியாளர், பெயரைத் தவிர்த்து, தம் நோயாளியின் விவரத்தை முன்வைப்பார். அனைவரும் கலந்து பேசுவர். சிகிச்சையை அப்பணியாளரே தம் இடத்தில் தொடர்வார்.

இதன் பயனை அளந்த ஆய்வு 2011ஆம் ஆண்டில் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்’ வெளிவந்தது. 407 நோயாளிகளை அவ்வாய்வு ஒப்பிட்டது. சிகிச்சைக்குப் பின் இரத்தத்தில் வைரஸ் நீங்கிய நிலையை அடைந்தோர் பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 விழுக்காடு, எக்கோ வழியே உள்ளூரில் சிகிச்சை பெற்றோருள் 58.2 விழுக்காடு. கிராமத்து மருத்துவ நிலையத்தில் தரப்பட்ட சிகிச்சை, நகரத்துச் சிறப்பு மருத்துவமனையின் சிகிச்சைக்குக் குறைந்ததன்று என்பதே இதன் பொருள்.

இந்த எண்கள் பலராலும் அறியப்பட்டவை. இவற்றுக்குப் பின்னால் நடந்த மற்றொரு பணி அத்துணை அறியப்படவில்லை. திட்டத்தை நடத்தியோர் தொடக்கம் முதலே உறுப்பினரிடம் கேள்விகளை முன்வைத்தனர். ‘நிகழ்ச்சி நன்றாக இருந்ததா?’ என்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. இந்நோய்க்குச் சிகிச்சை தரும் திறன் உங்களுக்கு எவ்வளவு உண்டு, தனித்து விடப்பட்ட உணர்வு குறைந்துள்ளதா, பணியில் நிறைவு கூடியுள்ளதா என்றும் கேட்டனர். தொலைவில் தனியே பணிபுரியும் மருத்துவரை நிலைகுலையச் செய்வது அறிவுக் குறைவு மட்டுமன்று, கலந்து பேச ஒருவரும் இல்லாத தனிமையும் ஆகும் என்பதை உறுப்பினரின் விடைகள் காட்டின. வருவோர் எதற்காக வருகின்றனர் என்பதை நடத்துவோர் அறிந்துகொண்டனர்.

இன்று இம்முறை பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. இந்தியாவில், பெங்களூருவில் உள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், மனநலம், போதைப் பழக்க சிகிச்சை ஆகியவற்றில் மாவட்ட அளவிலான மருத்துவர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் இம்முறையில் வழிகாட்டி வருகிறது.

‘90 விழுக்காட்டினர் நிறைவடைந்தனர்’ என்பதன் பொருள் என்ன?

வலையமைப்பின் ஆண்டறிக்கைகளில் உறுப்பினர் நிறைவு குறித்த விழுக்காடு அடிக்கடி இடம்பெறுகிறது. அதனை வாசிக்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி: எத்தனை பேரில்?

விளக்கத்திற்காக ஒரு கணக்கைக் காண்போம். ஒரு வலையமைப்பில் 120 உறுப்பினர்கள் உள்ளனர் எனக் கொள்வோம். கருத்துப் படிவத்தை 30 பேர் நிரப்பி அனுப்புகின்றனர். அவர்களுள் 27 பேர் நிறைவு என்கின்றனர். அறிக்கையில் 90 விழுக்காடு எனப் பதிவாகும். எண்ணில் பிழையில்லை. ஆனால் 120 பேரில் நிறைவைத் தெரிவித்தோர் 27 பேர், அதாவது 22.5 விழுக்காட்டினர் மட்டுமே. எஞ்சிய 90 பேரின் மனநிலையை அப்படிவம் நமக்குக் கூறவில்லை. அவர்கள் நிறைவுடன் இருக்கலாம், வருவதை நிறுத்தியிருக்கலாம், படிவம் வந்ததையே அறியாமலும் இருக்கலாம்.

விடையளிப்போரும் விடையளிக்காதோரும் ஒரே தன்மையினர் அல்லர் என்பது கருத்தாய்வுத் துறையின் அடிப்படைப் பாடம். விருப்பமுடன் வருவோரே விருப்பமுடன் படிவத்தையும் நிரப்புவர். விலகியோரின் முகவரிக்குப் படிவமே செல்வதில்லை. ஆகவே, ஒரு வலையமைப்பு எவ்வளவு வேகமாகத் தேய்கிறதோ, அவ்வளவுக்கு அதன் நிறைவு விழுக்காடு உயரவும் கூடும். குறைகூறுவோர் அனைவரும் வெளியேறிய பின்னர் எஞ்சுவோர் பாராட்டுவோரே.

மற்றொரு சிக்கலும் உண்டு. இந்தியாவில் மருத்துவர்கள் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வியில் பங்கேற்க வேண்டும் என்பது தொழில்நெறி விதிகளில் இடம்பெற்ற எதிர்பார்ப்பாகும். அதற்கான சான்றிதழைப் பெறக் கருத்துப் படிவத்தை நிரப்புவது கட்டாயம் என்று சில நிகழ்ச்சிகளில் ஏற்பாடு செய்யப்படுகிறது. விடைகளின் எண்ணிக்கை இதனால் கூடுகிறது. அவற்றின் மதிப்பு குறைகிறது. சான்றிதழுக்குக் காத்திருப்பவர் எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே கட்டத்தைத் தேர்ந்து விரைவில் முடித்துவிடுவது இயல்பே. கருத்துக் கேட்பும் சான்றிதழும் தனித்தனியே இருப்பது நலம்.

மையத்தில் இருந்து காண இயலாதவை

உறுப்பினர் வராமைக்கு ஆர்வக்குறைவைக் காரணமாகக் கூறுவது எளிது. உண்மைக் காரணம் பல வேளைகளில் மிகச் சாதாரணமானதாக இருக்கும். ஆனால் கேட்டாலன்றி அது தெரியவராது.

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களை எடுத்துக்கொள்வோம். இங்கு செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நாளாகவும் புதன்கிழமை குழந்தைகளுக்கான தடுப்பூசி நாளாகவும் நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ளன. நகரத்திலோ வேறு மாநிலத்திலோ அமைந்த ஒரு மையம், தாய்சேய் நலம் குறித்த வாராந்தர அமர்வைப் புதன்கிழமை முற்பகலில் வைக்குமாயின், அந்த அமர்வால் பெரிதும் பயன்பெறக்கூடிய கிராம சுகாதாரச் செவிலியர் அதில் கலந்துகொள்ள இயலாது. மையத்தின் பதிவேட்டில் அவர் ‘வருகை தராதவர்’. அவருடைய பதிவேட்டிலோ அன்று தடுப்பூசி பெற்ற குழந்தைகளின் பெயர்கள் இருக்கும். ஒரே ஒரு கேள்வி இதனைத் தீர்த்திருக்கும்: உங்களுக்கு எந்த நாள், எந்த நேரம் இயலும்?

மொழியும் இத்தகையதே. நோயாளியுடன் தமிழில் பேசி, பதிவேட்டைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பேணும் ஒரு செவிலியர், முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கும் உரையாடலைப் புரிந்துகொள்ளக்கூடும்; ஆனால் அதில் வாய்திறந்து கேள்வி கேட்கத் தயங்குவார். இணைய வசதி, சத்தமில்லாத அறை, கைப்பேசியின் தரவுக் கட்டணம் ஆகியவையும் அவ்வாறே. இவை எவையும் உரையின் தரத்தைப் பற்றிய குறைகள் அல்ல. எனவே ‘உரை எவ்வாறு இருந்தது?’ என்று கேட்கும் படிவத்தில் இவை இடம்பெறவே மாட்டா.

எவற்றைக் கேட்க வேண்டும்?

தொடர் மருத்துவக் கல்வியின் பயனை அளப்பதற்கு டொனால்ட் மூரும் அவருடைய உடனாய்வாளர்களும் 2009ஆம் ஆண்டில் முன்வைத்த ஏழு படிநிலைகள் பரவலாகப் பயன்படுகின்றன. பங்கேற்பு, நிறைவு, கற்றல், திறன், செயல்பாடு, நோயாளியின் நலம், சமூகத்தின் நலம் என்பன அவை. படிகளில் ஏற ஏற அளப்பது கடினமாகிறது. அளந்தால் கிடைக்கும் பயனும் கூடுகிறது.

பெரும்பாலான படிவங்கள் இரண்டாம் படியில் நின்றுவிடுகின்றன. நீங்கள் ஒரு வலையமைப்பை நடத்துபவராயின், கீழ்க்காணும் நான்கு கேள்விகளால் மேலும் இரு படிகளை எளிதில் எட்டலாம்:

• சென்ற மூன்று மாதங்களில் இங்கு அறிந்தவற்றுள் எதனை உங்கள் பணியில் பயன்படுத்தினீர்கள்?
• பயன்படுத்த விரும்பியும் இயலாமற்போனது எது? தடையாக இருந்தது மருந்தா, கருவியா, நேரமா, அனுமதியா?
• வரும் மாதங்களில் எந்த நோயாளிகளைக் குறித்து உங்களுக்கு உதவி தேவை?
• நீங்கள் வர இயலாத வாரங்களில் காரணம் என்னவாக இருந்தது?

இரண்டாம் கேள்வி குறிப்பிடத்தக்கது. ஓர் இரத்த அழுத்த மருந்தைத் தொடங்கும் முறையை உறுப்பினர் நன்கு கற்றிருக்கலாம். அம்மருந்து அவருடைய நிலையத்தின் இருப்பில் இல்லையெனில், இன்னொரு உரையால் பயனில்லை. அக்குறை மருந்து வழங்கலுக்குப் பொறுப்பானவர்களிடம் செல்ல வேண்டும். இவ்வாறு, உறுப்பினர் கருத்து வலையமைப்பைத் திருத்துவதோடு நில்லாமல், மருத்துவச் சேவையின் குறைகளைச் சுட்டும் கருவியாகவும் ஆகிறது.

கேள்விகள் குறைவாக இருப்பது நலம். ஐந்து நிமிடத்தில் முடியும் படிவத்தை ஆண்டுக்கு இரு முறை அனுப்புவது, ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் இருபது கேள்விகளை அனுப்புவதைவிடப் பயனளிக்கும். எழுத்துவழிப் படிவத்துடன், வருவதை நிறுத்திய சிலரைத் தொலைபேசியில் அழைத்துப் பத்து நிமிடம் பேசுவதும் தேவை. விலகியோர் கூறும் காரணம் நிலைத்திருப்போரிடம் கிடைக்காது.

அச்சமின்றிக் கூறும் நிலை

கசப்பான உண்மையைக் கூற உறுப்பினருக்குத் துணிவு வேண்டும் என எதிர்பார்ப்பது முறையன்று. துணிவு தேவைப்படாத ஏற்பாட்டை அமைப்பதே வலையமைப்பின் கடமை. இதற்கு நம் அண்டை மாநிலமான கேரளத்தில் ஒரு சிறந்த முன்னுதாரணம் உண்டு.

கேரளத்தின் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு, மாநில அரசின் இசைவுடன், 2004ஆம் ஆண்டு முதல் மகப்பேறு இறப்புகளை மந்தணமாக மறுஆய்வு செய்யும் முறையை நடத்தி வருகிறது. பிரிட்டனில் 1952 முதல் நடைமுறையில் உள்ள ஓர் ஆய்வு முறையே இதற்கு முன்மாதிரி. மருத்துவமனையில் ஒரு தாய் இறந்தால் அதன் விவரங்கள் அனுப்பப்படும். தாய், மருத்துவர், மருத்துவமனை ஆகியோரின் அடையாளங்கள் நீக்கப்பட்ட பின்னரே மதிப்பீட்டாளர்கள் அவற்றைக் காண்பர். எவர் மீதும் குற்றம் சுமத்துவது நோக்கமன்று. எங்கே தாமதம் நேர்ந்தது, எதனைத் தவிர்த்திருக்கலாம் என்பதை அறிவதே நோக்கம்.

ஒரு மருத்துவருக்குத் தம் கண்காணிப்பில் நேர்ந்த இறப்பைவிடக் கூறுவதற்குக் கடினமான செய்தி வேறில்லை. அதனையும் அவர்கள் கூட்டமைப்பிடம் ஒப்படைத்தனர். அவ்வாறு திரண்ட விவரங்கள், தடுக்கக்கூடிய இறப்புகளில் மகப்பேற்றுக்குப் பிந்தைய இரத்தப்போக்கின் பங்கைத் தெளிவாகக் காட்டின. அறிக்கைகள் உறுப்பினருக்கே திரும்பிச் சென்றன. பயிற்சிகள் அவற்றின் அடிப்படையில் அமைந்தன. பின்னர் இரத்தப்போக்கு, கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான தர வரையறைகளும் உருவாக்கப்பட்டன. மாதிரிப் பதிவுத் திட்டத்தின் மதிப்பீட்டின்படி, 2001-03இல் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 110 ஆக இருந்த கேரளத்தின் மகப்பேறு இறப்பு விகிதம் 2018-20இல் 19 ஆகக் குறைந்தது. இக்குறைவுக்குக் காரணங்கள் பல. மறுஆய்வு ஒன்றே காரணமெனக் கூற இயலாது. எனினும் எங்கே கவனம் தேவை என்பதைக் காட்டியதில் அதற்குப் பங்குண்டு.

இதிலிருந்து இரு சொற்களின் வேறுபாட்டை நீங்கள் அறிந்துகொள்ளலாம். ‘பெயரின்மை’ என்பது விடையளித்தவர் யார் என எவருக்கும் தெரியாத நிலை. ‘மந்தணம்’ என்பது ஒரு சிலருக்குத் தெரிந்தும் அவர்கள் வெளியிடாத நிலை. படிவத்தின் தொடக்கத்தில் எது பொருந்தும் என்பதை நேர்மையாகக் கூற வேண்டும். ஒரு மாவட்டத்தில் ஒரே ஒரு மயக்கவியல் மருத்துவர் இருக்கும்போது, பெயரை நீக்கி மாவட்டத்தையும் பதவியையும் வெளியிடுவது அவர் பெயரையே வெளியிடுவதற்கு ஒப்பாகும். சிறு குழுக்களின் விடைகளைப் பெருந்தொகுப்புடன் சேர்த்தே வெளியிட வேண்டும். தனிநபர் தரவைத் தெரிவிக்கப்பட்ட நோக்கத்திற்கே பயன்படுத்த வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. உறுப்பினரும் தம் விடைகளில் நோயாளியின் பெயரையோ அடையாளத்தையோ குறிப்பிடலாகாது.

பதவி வேறுபாடும் வாயடைக்கும். மேலலுவலர் இருக்கும் கூட்டத்தில் செவிலியர் குறை கூறுவது அரிது. ஆகவே மருத்துவர், செவிலியர், ஆய்வக நுட்புநர், மருந்தாளுநர் ஆகியோரின் கருத்துகளைத் தனித்தனியே பெற்று, தனித்தனியே ஆராய வேண்டும். அனைவரையும் சேர்த்துச் சராசரி கண்டால் சிறுபான்மையோரின் குரல் அதில் மறைந்துவிடும்.

கேட்ட பின்னர் செய்ய வேண்டியது

கருத்துக் கேட்பு என்பது ஒரு வாக்குறுதி. ‘நீங்கள் கூறுவதை நாங்கள் கருத்தில் கொள்வோம்’ என்பது அதில் அடங்கியுள்ளது. விடைகள் பெறப்பட்டு, ஒரு கோப்பில் அடங்கி, பின்னர் எதுவும் நிகழாதபோது அவ்வாக்குறுதி பொய்க்கிறது. அடுத்த முறை படிவம் வரும்போது உறுப்பினர் அதனை நிரப்புவதில்லை. அதனை நடத்துவோர் ஆர்வக்குறைவு எனப் பொருள் கொள்கின்றனர். உண்மையில் அது முன்னர் பெற்ற அனுபவத்தின் விளைவு. ஒருபோதும் கேளாமல் இருப்பதைவிட, கேட்டுவிட்டு வாளாவிருப்பது நம்பிக்கைக்கு மிகுந்த ஊறு செய்யும்.

எனவே படிவம் முடிந்த நான்கைந்து வாரங்களுக்குள் ஒரு பக்க அளவில் உறுப்பினருக்கு விடை செல்வது நலம். அதில் மூன்று பகுதிகள் போதும்.

முதலாவது, நீங்கள் கூறியவை: எத்தனை பேரில் எத்தனை பேர் விடையளித்தனர் என்பதும் முதன்மையான கருத்துகளும்.

இரண்டாவது, மாற்றியவை: அமர்வின் நாள், மொழி, பேசுபொருள் போன்றவற்றில் எவை எந்நாள் முதல் மாறும் என்பது.

மூன்றாவது, மாற்ற இயலாதவை: அதற்கான காரணம்.

மூன்றாம் பகுதியைத் தவிர்க்கவே பலரும் விரும்புவர். ஆனால் நம்பிக்கையை வளர்ப்பதில் அதற்கே பெரும்பங்கு உண்டு. இயலாது என்று காரணத்துடன் கூறப்பட்ட உறுப்பினர் ஏமாற்றம் அடையலாம்; தாம் மதிக்கப்படவில்லை என எண்ண மாட்டார்.

வளர்ச்சியா, விரிவாக்கமா?

உறுப்பினர் எண்ணிக்கை உயர்வதையே வளர்ச்சி எனக் கொள்வது வழக்கம். 30 பேர் கூடும் அமர்வில் ஒருவர் தம் நோயாளியைப் பற்றிப் பத்து நிமிடம் பேச இயலும். 300 பேர் கூடும்போது பெரும்பாலோர் கேட்போராக மட்டுமே இருப்பர். வலையமைப்பு சொற்பொழிவாக மாறிவிடும். ‘கடந்த ஆறு மாதங்களில் நீங்கள் ஒருமுறையேனும் பேசினீர்களா?’ என்னும் கேள்விக்கு ‘ஆம்’ என்போரின் விழுக்காடு குறைந்துவரின், புதிய உறுப்பினரைச் சேர்ப்பதற்கு முன் குழுவை இரண்டாகப் பிரிப்பதே தக்கது.

பிரிக்கும்போது புதிய குழுவை வழிநடத்த ஆள் வேண்டும். அவரும் உறுப்பினர் கருத்திலிருந்தே கிடைப்பார். யாருடைய விளக்கம் உங்களுக்குப் பயன்பட்டது என்று கேட்டால், மையத்தின் சிறப்பு மருத்துவர்களோடு, தொலைதூர நிலையம் ஒன்றின் மருத்துவ அலுவலரோ மூத்த செவிலியரோ குறிப்பிடப்படக்கூடும். அவரே அடுத்த குழுவின் வழிகாட்டி. ஓரத்தில் நின்றவர் நடுவிடத்துக்கு வரும் வழி இதுவே.

இம்முறையின் எல்லைகள்

உறுப்பினர் கருத்து எல்லாக் கேள்விகளுக்கும் விடை தராது. தம் திறன் கூடியதாக ஒருவர் உணர்வதும், அவருடைய நோயாளி குணமடைவதும் வெவ்வேறு. முன்னதைப் படிவம் கூறும். பின்னதற்கு நோயாளிப் பதிவேடுகளையே நாட வேண்டும். நியூ மெக்சிகோ திட்டத்தின் மதிப்பு நிலைபெற்றது, உறுப்பினர் நிறைவுடன் நோயாளிகளின் குணமும் தனியே அளக்கப்பட்டதால்தான்.

விரும்பப்படும் பொருளும் தேவைப்படும் பொருளும் ஒன்றாக இல்லாமலும் போகலாம். புதிய மருந்துகளைப் பற்றிய உரைகளுக்குப் பாராட்டு கிடைப்பது எளிது. கைகழுவுதல், இரத்தப்போக்கை அளத்தல் போன்றவை ஆர்வமூட்டுவதில்லை. எனினும் உயிரைக் காப்பதில் இவற்றின் பங்கு பெரிது. உறுப்பினரின் விருப்பத்தையும் இறப்பு, நோய்ப் பதிவேடுகள் சுட்டும் தேவையையும் சேர்த்தே பாடத்திட்டம் வகுக்கப்பட வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியவை

உறுப்பினராயின்:
• படிவம் வரும்போது ஒரு குறையையும் ஒரு பயனையும் குறிப்பிட்டு எழுதுங்கள். ‘நன்று’ என்னும் ஒரு சொல்லைவிட ‘புதன்கிழமை இயலாது’ என்னும் இரு சொற்கள் பயனுடையவை.
• முன்னர் கூறிய கருத்துக்கு என்ன விடை கிடைத்தது என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.
• விலகுவதாயின் காரணத்தைத் தெரிவித்துவிட்டு விலகுங்கள்.

நடத்துபவராயின்:
• விழுக்காட்டுடன் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையையும் எப்போதும் வெளியிடுங்கள்.
• மாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லாதவற்றைக் குறித்துக் கேட்கும்போது, அதனை முன்னரே கூறிவிடுங்கள்.
• விடை அனுப்பும் நாளைக் கேள்வி அனுப்பும் நாளிலேயே அறிவியுங்கள்.

பொதுமக்களாயின்: உங்கள் ஊரின் மருத்துவ அலுவலர் வாரத்தில் ஒரு மணி நேரம் காணொலி அமர்வில் இருப்பதைக் காணும்போது, அந்நேரம் நோயாளிகளிடமிருந்து பறிக்கப்பட்டதென எண்ண வேண்டா. நீங்கள் நெடுந்தொலைவு செல்லாமல் உள்ளூரிலேயே தக்க சிகிச்சை பெறுவதற்கு அந்த ஒரு மணி நேரம் உதவக்கூடும். அந்த அமர்வு அடுத்த ஆண்டும் நடைபெறுமா என்பது, அதில் அமர்ந்திருப்பவரிடம் ‘இது உங்களுக்குப் பயன்படுகிறதா?’ என்று எவரேனும் கேட்டு, அவர் கூறும் விடைக்கேற்பச் செயல்படுவதைப் பொறுத்தது.